அங்குவிலாவுக்கு அடித்த யோகம்

கரீபியன் கடலில் அங்குவிலா என்றொரு குட்டித் தீவு. பிரிட்டனின் ஆளுகையில் இருக்கிறது. ஜனத்தொகை ஏறக்குறைய 16,000. நம்மூர்ப் பேரூராட்சி ஒன்றில் இதைவிட அதிகம் பேர் இருப்பார்கள். 2023-ல் அந்தத் தீவின் அரசு வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஈட்டித் தந்தவை ஏ, ஐ என்ற இரண்டே எழுத்துகள்.

இணைய முகவரியின் வாலில் வரும் இரண்டெழுத்து, ஏதாவதொரு நாட்டுக்கோ ஆட்சிப் பகுதிக்கோ உரியது. இந்தியாவுக்கு டாட் இன். அங்குவிலாவுக்கு 1995-ல் டாட் ஏஐ கிடைத்தது. அப்போது அதைச் சீந்துவாரில்லை. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்ததும் செயற்கை நுண்ணறிவுக் கம்பெனிகள் அத்தனையும் அந்த வாலுக்கு முண்டியடித்தன. ஒரு பெயருக்கு இரண்டு ஆண்டுக்குச் சேர்த்து அன்று 140 டாலர். 2023-ல் மட்டும் சுமார் 3.2 கோடி டாலர் வசூல்.

டாட் காம் போதாதா? 1985-லிருந்து பதிவாகிவரும் அதில், சின்னதாக, நாவில் நிற்கிற பெயர் எதைத் தேடினாலும் யாரோ எப்போதோ துண்டு போட்டு வைத்திருக்கிறார்கள். விலை கேட்டால் தலை சுற்றும். அதோடு, வாலே தொழிலைச் சொல்லிவிட்டால் பாதி விளம்பரம் மிச்சம். டாட் டிவியும் இப்படித்தான். அது பசிபிக் தீவு நாடான துவாலுவின் சொத்து. 2000-ல் ஐ.நா.வில் சேர ஆன செலவுக்கு அந்த வாலைக் குத்தகைக்கு விட்ட பணம்தான் கைகொடுத்தது.

ஆனால் அடுத்தவன் மனையில் கட்டிய வீடு இது. டாட் எல்ஒய் லிபியாவுடையது. 2010-ல் அந்த நாட்டுச் சட்டத்துக்கு ஒவ்வாதது என்று சொல்லி, ஓர் அமெரிக்கத் தளத்தின் முகவரியைப் பறித்துக்கொண்டார்கள்.

கணினிக்காரர்களின் செல்லமான டாட் ஐஓ கதை இன்னும் கசப்பு. ‘இன்புட், அவுட்புட்’ என்று அவர்கள் வாசிக்கும் அந்த எழுத்துகள், இந்தியப் பெருங்கடலின் சாகோஸ் தீவுகளுக்கு உரியவை. அமெரிக்க ராணுவத் தளத்துக்காக அங்கிருந்த மக்களை 1968 முதல் 1973 வரை வெளியேற்றியது பிரிட்டன். தீவுகளின் இறையாண்மையை மொரீஷியஸுக்கு மாற்றித்தர 2025 மே மாதம் ஒப்பந்தம் கையெழுத்தானது. அப்படிக் கைமாறி, நாட்டுக் குறியீட்டுப் பட்டியலிலிருந்து ஐஓ நீக்கப்பட்டால் முகவரிக்கும் சங்குதான். காலி செய்யப் பொதுவாக ஐந்தாண்டு அவகாசம் உண்டு.

தெரிந்த அச்சகக்காரர் ஒருவர், “தமிழ்நாட்டுக் கடைதானே சார், டாட் டிஎன் வாங்கிடலாமா?” என்று கேட்டார். அது துனிசியாவுடையது. நம் மாநில அரசின் முகவரியிலேயே டிஎன் முன்னால் நிற்கிறது, டாட் இன்தான் கடைசியில். அவரும் கடைசியில் டாட் இன்னே வாங்கினார்.