நீரில் கரையும் இரையுறை

மும்பையில் சயானுக்கு வடக்கே, 1891-இல் அணைகட்டி உண்டாக்கப்பட்ட பொவாய் ஏரி தூண்டிற்காரர் நன்கறிந்த இடம். தவிட்டையும் கடலைப் பிண்ணாக்கையும் பிசைந்து உருண்டையாக எறிந்து கெண்டையினங்களைக் கூட்டுவது பழைய முறை. ஆயின் உருண்டை வானிலேயே சிதறுமாயின், மீன் ஓரிடத்திற் கூடும். முள் வேறிடத்திற் கிடக்கும். இக்குறையை நீக்கவே மேனாட்டார் கரையும் உறையைக் கையாளலாயினர். உலர்ந்த இரையும் முள்ளும் ஒருங்கே அடியிற் சேர்கின்றன. உறை கரைந்து மறைகிறது.

இவ்வுறை பாலிவினைல் ஆல்கஹாலால் ஆனது. 1924-இல் ஜெர்மனியில் ஹெர்மன், ஹேனல் என்னும் இருவர் இதனைக் கண்டறிந்தனர். இதன் மூலப்பொருளாகிய பாலிவினைல் அசெட்டேட்டிலுள்ள அசெட்டேட் தொகுதிகளுள் நூற்றுக்கு 88 அளவில் நீக்கப்பட்ட வகை தண்ணீரிலேயே கரையும். 98-க்கு மேல் நீக்கப்பட்டது வெந்நீரில்தான் கரையும். தூண்டிலுக்கு முதல் வகையே ஏற்றது. எண்ணெய் இதனைக் கரைப்பதில்லை. ஈரக்கையோ உடனே கெடுத்துவிடும். மும்பையின் மழைக்காலக் காற்றும் அவ்வாறே. ஆதலின் இறுக மூடிய டப்பாவில் வைத்தல் வேண்டும்.

ஆசிரியர்கள் இதனை வகுப்பிலேயே காட்டலாம். ஒரு கண்ணாடிக் குவளையில் வெறும் நீரையும், மற்றொன்றில் உப்பு மேலும் கரையாத அளவு செறிந்த நீரையும் எடுத்து, உறைத்துண்டு ஒவ்வொன்றை இடுக. உப்புநீரில் உள்ள துண்டு நெடுநேரம் நிற்கும். உப்பின் அயனிகள் நீர் மூலக்கூறுகளைத் தம்பால் பிணித்துக் கொள்வதே காரணம்.

எல்லாக் கெண்டைக்கும் இது பயன்படுமா? கட்லா மேல்மட்டத்தில் இரை தேடுவது. அமிழும் உறை அதற்கு உதவாது. அடியில் மேயும் மிர்காலுக்கும் சாதாக் கெண்டைக்கும் பொருந்தும். கெண்டைக்கு இரைப்பை இல்லை. சிறிது சிறிதாகவே தின்னும். எனவே ஒரு பிடி இரை போதும். எஞ்சியது அழுகி, நீரிலுள்ள பிராணவாயுவைக் குடித்துவிடும். கழிவுநீரும் ஆகாயத்தாமரையும் நலிவித்த பொவாய் போன்ற ஏரியில் இது சிறு தீங்கன்று.

கரைதல் வேறு, அழிதல் வேறு. கண்ணுக்குத் தெரியாமற் போன உறை நீரிலேயே உள்ளது. அதனைச் சிதைக்கப் பழகிய பாக்டீரியாக்கள் இல்லாவிடத்து மெல்லவே சிதையும். இதனைக் களப்பணியாளர் எடுத்துரைத்தல் நலம்.

மீன் வளர்ப்போருக்கோ கரையும் உறை வேண்டுவதில்லை. ஆந்திரத்தில் கொல்லேறு வட்டார உழவர்கள் துளையிட்ட பைகளில் தவிடும் பிண்ணாக்கும் நிரப்பி, மூங்கிற் கழிகளிற் கட்டிக் குளத்திற் தொங்கவிடுகின்றனர். மீன்கள் துளைவழியே இரையை உறிஞ்சுகின்றன. பையைத் தூக்கினால் மீதி எவ்வளவென்பது தெரிந்துவிடும்.