மேஜை ஆணா, பெண்ணா?

பிரெஞ்சு மொழி படிக்கத் தொடங்குபவர்களை முதல் நாளே திணற வைக்கும் கேள்வி இது.

"மேஜைக்கு ஏது ஆண், பெண்? அது மரச் சாமான்தானே!" என்பீர்கள். தமிழில் அது சரி. மேஜை, நாற்காலி, கதவு எல்லாம் அஃறிணை. பிரெஞ்சில் அஃறிணையே கிடையாது! எந்தப் பொருளானாலும் ஒன்று ஆண்பால், இல்லாவிட்டால் பெண்பால். ஆண்பால் சொல்லுக்கு முன்னால் 'லெ' வரும். பெண்பாலுக்கு 'லா' வரும்.

மேஜை பெண். நாற்காலி பெண். சுவர் ஆண். சூரியன் ஆண், சந்திரன் பெண். அதுகூடப் பரவாயில்லை. ஆண்களுக்கு முளைக்கும் தாடியும் மீசையும் பெண்பால்!

ஏன் இப்படி? பிரெஞ்சுக்குத் தாய் லத்தீன். அதில் ஆண், பெண், இரண்டும் அல்லாதது என்று மூன்று பால் இருந்தன. நாளடைவில் மூன்றாவது மறைந்தது. அந்தச் சொற்களில் பெரும்பாலானவை ஆண்பாலோடு ஒட்டிக்கொண்டன.

தக்காளிப் புத்தகம்!

பால் மாறினால் பொருளே மாறும். 'லெ லீவ்ர்' என்றால் புத்தகம். 'லா லீவ்ர்' என்றால் அரைக் கிலோ எடை. அரைக் கிலோ தக்காளி வாங்கப் போனவர் பாலை மாற்றிச் சொன்னால், தக்காளிப் புத்தகம் கேட்டதாக ஆகிவிடும்! கடைக்காரர் சிரித்துக்கொண்டே தக்காளியை நிறுத்துக் கொடுப்பார்.

இதற்குக் குறுக்கு வழி உண்டா? கொஞ்சம் உண்டு. 'சியோன்' என்று முடியும் சொற்கள் பெரும்பாலும் பெண்பால். மற்றபடி, எந்தச் சொல்லையும் லெ, லாவோடு சேர்த்தே மனப்பாடம் செய்ய வேண்டியதுதான்.

படிப் பணம் போயிற்று

படிப்பவர்கள்தான் தடுமாறுகிறார்கள் என்று நினைக்காதீர்கள். பிரான்சு நாட்டின் பாராளுமன்றத்திலேயே இதற்காகச் சண்டை நடந்தது!

2014 அக்டோபர் 6. அன்று சபைக்குத் தலைமை வகித்தவர் ஒரு பெண். ஓர் உறுப்பினர் அவரை, "மதாம் லெ பிரெசிதான்" என்று அழைத்தார். அதாவது, பெண்ணுக்கு ஆண்பால் பதவிப் பெயர்.

"லா பிரெசிதாந்த் என்று சொல்லுங்கள்" என்றார் தலைவி.

உறுப்பினர் மறுத்தார். பிரெஞ்சு அகாதெமியின் இலக்கணப்படிதான் பேசுவதாகச் சாதித்தார். விளைவு? ஒரு மாதப் படிப் பணத்தில் கால் பங்கு பிடிக்கப்பட்டது. 1,378 யூரோ!

ஓர் எழுத்துக்கு இவ்வளவா? பெண்களின் கோபத்தில் நியாயம் இருந்தது. பதவியில் பெண் உட்கார்ந்த பிறகும் பதவியின் பெயர் மட்டும் ஆணாகவே இருப்பானேன்?

அகாதெமி 1635-ல் ஏற்பட்டது. அதற்கு முதல் பெண் உறுப்பினர் தேர்ந்தெடுக்கப்பட்டதே 1980-ல்தான். பதவிகளுக்குப் பெண்பால் பெயர் வைப்பதை அது நெடுங்காலம் எதிர்த்தது. 2019 பிப்ரவரியில்தான் இறங்கி வந்தது.

மறு வருடமே புதுச் சிக்கல். 'கோவிட்' ஆணா, பெண்ணா? மக்கள் 'லெ' என்று சொல்லிப் பழகிவிட்டார்கள். 2020 மே மாதம் அகாதெமி 'லா'தான் சரி என்றது. பலர் கேட்கவில்லை. இன்றும் இரண்டும் புழங்குகின்றன.