கேட்காமலே நடக்கும் பிராணாயாமம்

யோகா ஆசிரியர் ஆவதற்கு இன்று உலகெங்கும் வழங்கும் அளவு 200 மணி நேரம். அமெரிக்காவில் 1999-இல் தொடங்கிய யோகா அலையன்ஸ் என்ற அமைப்பு பரப்பிய கணக்கு இது. ரிஷிகேசில் பல இடங்களில் இதை ஒரே மாதத்தில் முடித்துவிடுகிறார்கள். விடியற்காலையில் பிராணாயாமம், காலையும் மாலையும் ஆசனம், நடுவில் உடற்கூறு, தத்துவம், கற்பிக்கும் முறை. சேர்பவர்களில் இளம் பெண்கள் நிறைய. பணம் கட்டி, விடுப்பும் வாங்கிய பிறகு நாள் தள்ளிப்போயிருப்பது தெரியவருவதும் உண்டு. வீட்டில் "இப்போது எதற்கு அதெல்லாம்?" என்பார்கள். பயிற்சி நடத்துபவர்கள் டாக்டரிடம் சீட்டு வாங்கி வரச் சொல்வார்கள். அவளுடைய உடலோ அதற்குள் பாடத்தில் பாதியைத் தொடங்கிவிட்டிருக்கும்.

முதலில் மாறுவது மூச்சு. வயிறு தெரிவதற்கு முன்பே, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று பல பெண்கள் சொல்வார்கள். குழந்தையின் பாரம் என்று இதற்குக் காரணம் சொல்லிவிடுகிறோம். இரண்டாம் மாதத்தில் குழந்தைக்கு ஏது பாரம்? காரணம் புரோஜெஸ்டிரான் என்ற ஹார்மோன். நம்மை மூச்சுவிடத் தூண்டுவது பெரும்பாலும் ஆக்சிஜன் குறைவு அல்ல, ரத்தத்தில் சேரும் கரியமில வாயு. அதன் அழுத்தம் ஏறக்குறைய 40 மில்லிமீட்டர் பாதரச அளவில் நிற்கும்படி மூளைத்தண்டு மூச்சை நடத்துகிறது. கர்ப்ப காலத்தில் புரோஜெஸ்டிரான் இந்த வரம்பைச் சுமார் 30-க்கு இறக்கிவிடுகிறது. முன்பு பொருட்படுத்தாமல் விட்ட கரியமில வாயுவையும் மூளை இப்போது வெளியேற்றச் சொல்கிறது. ஆக்சிஜன் போதுமான அளவு இருக்கும்போதே அவளுக்கு மூச்சு வாங்குவது இதனால்தான்.

எதற்காக இந்த ஏற்பாடு? கருவுக்கு நுரையீரல் வேலை செய்வதில்லை. அதன் கரியமில வாயு நஞ்சுக்கொடி வழியாகத் தாயின் ரத்தத்துக்கு வந்தாக வேண்டும். வாயு அழுத்தம் கூடிய இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குத்தான் போகும். தாயின் ரத்தத்தில் அழுத்தம் தாழ்ந்திருந்தால் குழந்தையிடமிருந்து அது தானாகவே வடிந்துவிடும். இரண்டு பேருக்குச் சேர்த்துச் சாப்பிடு என்று பெரியவர்கள் சொல்வது சற்று மிகை. இரண்டு பேருக்குச் சேர்த்து மூச்சுவிடுவது மட்டும் உண்மை.

எனக்குப் பிடித்த விஷயம் இதற்கு அடுத்தது. இந்தக் கூடுதல் காற்றுக்காக அவள் வேகமாக மூச்சுவிடுவதில்லை. நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்ற கணக்கு அநேகமாக மாறுவதே இல்லை. ஒவ்வொரு மூச்சும் ஆழமாகிறது: அரை லிட்டர் காற்று இழுத்த இடத்தில் இப்போது ஏறக்குறைய 700 மில்லிலிட்டர். அவசரப்படாமல் ஆழ்ந்து மூச்சுவிடுங்கள் என்று பிராணாயாம வகுப்பில் மணிக்கணக்காகப் பழக்குவதை, யாரும் சொல்லாமல், தூக்கத்திலும் இந்த உடல் செய்துகொண்டிருக்கிறது. விலா எலும்புகளும் இடம் கொடுக்கின்றன. மார்பின் சுற்றளவு 5 சென்டிமீட்டருக்கு மேல் கூடுகிறது. பேறுகாலம் நெருங்கும்போது உதரவிதானம் சுமார் 4 சென்டிமீட்டர் மேலே ஏறி நிற்கிறது.

அப்படி ஏறுவதற்கு ஒரு விலை உண்டு. மூச்சை வெளியே விட்ட பிறகும் நுரையீரலில் எப்போதும் கொஞ்சம் காற்று கையிருப்பாக நிற்கும். கடைசி மாதங்களில் அந்தக் கையிருப்பு ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. ஆக்சிஜன் செலவோ அதே அளவு கூடியிருக்கிறது. மூச்சை நிறுத்தினால் மற்றவர்களைவிட இவளுக்கு ஆக்சிஜன் விரைவில் இறங்கும். மயக்க மருந்து கொடுக்கும் மருத்துவர்கள் நன்கு அறிந்த சங்கதி இது. கர்ப்பிணிக்கு மூச்சை அடக்கும் கும்பகம் வேண்டாம் என்பது சம்பிரதாயப் பேச்சு அல்ல. வயிற்றைச் சுண்டி இழுக்கும் கபாலபாதியையும் உத்தியான பந்தத்தையும் அவள் உட்கார்ந்து பார்த்தால் போதும்.

பயிற்சி வகுப்புகளில் ரிலாக்சினுக்குத் தனி மரியாதை. கர்ப்ப காலத்தில் இந்த ஹார்மோன் மூட்டுகளை இளக்கிவிடும், அதனால் அளவுக்கு மீறி வளையாதே என்பார்கள். 1926-இல் ஃபிரெடெரிக் ஹிசா என்ற அமெரிக்க விலங்கியலாளர் கினிப் பன்றிகளிடம் இதன் வேலையைக் கண்டறிந்தார். சினையாக இருந்த விலங்கின் ரத்த நீரை, சினையாகாத கினிப் பன்றிக்குள் செலுத்தியதும் இடுப்பெலும்புகளை இணைக்கும் தசைநார் தளர்ந்தது. பெரிய தலையுள்ள குட்டியை ஈன வேண்டிய அந்தச் சிறு விலங்குக்கு அது உயிர்ப் பிரச்சினை. மனிதர்களிடம் கதை அவ்வளவு நேரானது அல்ல. ரிலாக்சின் முதல் மூன்று மாதங்களின் முடிவில் உச்சத்தைத் தொட்டுப் பிறகு குறைகிறது. மூட்டுத் தளர்ச்சியோ அதற்குப் பிறகும் கூடுகிறது. அளந்து பார்த்தவர்களுக்கு இரண்டுக்கும் உறுதியான தொடர்பு கிடைக்கவில்லை. காரணம் தவறானாலும் எச்சரிக்கை சரிதான். பத்த கோணாசனத்தில் முழங்கால் திடீரென்று தரையைத் தொட்டால் அதைத் தேர்ச்சி என்று எண்ணிக் கைதட்ட வேண்டாம். இடுப்பு வளைய வலி கர்ப்பிணிகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு வருகிறது.

இருபதாம் வாரத்துக்குப் பிறகு சவாசனமும் மாற வேண்டும். மல்லாந்து படுத்தால், முதுகெலும்பின் வலப்பக்கமாக ஓடும் பெருஞ்சிரையைக் கருப்பை அழுத்தி, இதயத்துக்குத் திரும்பும் ரத்தத்தைக் குறைக்கும். சிலருக்குத் தலை சுற்றும், வியர்க்கும். இடப்பக்கம் ஒருக்களித்துப் படுப்பதே நல்லது. ஆனால் தடைப் பட்டியலில் இருப்பதெல்லாம் இப்படிக் காரணத்தோடு வந்ததல்ல. 2015-இல் அமெரிக்காவில் 35 வாரம் கடந்த 25 பெண்களை 26 ஆசனங்கள் செய்யச் சொல்லி, குழந்தையின் இதயத் துடிப்பைக் கவனித்தார்கள். கூடாது என்று ஒதுக்கப்பட்டிருந்த அதோமுக சுவானாசனமும் பாலாசனமும் அதில் இருந்தன. எந்த ஆசனத்திலும் துடிப்பில் கவலைப்படும்படி ஒன்றும் தெரியவில்லை.

பெங்களூரிலிருந்து 2005-இல் வெளியான ஆய்வு இன்னும் பெரியது. 335 கர்ப்பிணிகளில் ஒரு பகுதியினர் தினமும் ஒரு மணி நேரம் யோகா செய்தார்கள், மற்றவர்கள் காலையும் மாலையும் நடந்தார்கள். யோகா செய்தவர்களிடம் குறைமாதப் பிரசவம் குறைவு, இரண்டரைக் கிலோவும் அதற்கு மேலும் எடையுள்ள குழந்தைகள் அதிகம். சீட்டுக் குலுக்கிப் பிரித்த ஆய்வு அல்ல என்பதால் முழுப் புகழையும் யோகாவுக்குக் கொடுத்துவிட முடியாது. அதைவிட முக்கியம், அது ஒரு மணி நேரத்தைப் பற்றிப் பேசுகிறது. கர்ப்பிணிகளுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்வதும் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உழைப்பு. தங்கிப் படிக்கும் பயிற்சியில் ஒரே நாளில் அதைத் தாண்டிவிடலாம். யோகா நல்லது என்ற ஆய்வைக் காட்டி ஒரு மாதப் பயிற்சியும் நல்லது என்று வாதிடுவது சரியல்ல.

அதற்காகப் பயிற்சியையே கைவிடச் சொல்ல மாட்டேன். ஆசிரியர் வேலை தன் உடலை வளைப்பதைவிட, எதிரே இருப்பவர் உடலைப் பார்ப்பதும் வாயால் சொல்லித் திருத்துவதும்தான். செய்துகாட்ட முடியாத மாணவி இந்த இரண்டையும் மற்றவர்களுக்கு முன்பே கற்றாக வேண்டும். புனேயில் யோகா ஆசிரியர் பி.கே.எஸ். அய்யங்கார் வழியில் கட்டை, பட்டை, திண்டு, நாற்காலி எல்லாம் ஆசனத்துக்குள் வந்தன. அவர் மகள் கீதா பெண்களுக்கென எழுதிய யோக நூலில் கர்ப்ப காலத்துக்கும் இடம் உண்டு. உடலுக்கேற்ப ஆசனத்தை மாற்றும் அந்தப் பாடத்தைச் சுவரோரம் நின்று விருட்சாசனம் செய்யும் கர்ப்பிணி தன் உடலிலேயே படிக்கிறாள்.

சேர நினைப்பவர்கள் வார இறுதிகளில் பல மாதங்களுக்கு நீளும் வகுப்பைத் தேடுங்கள். செய்முறை மணிகளைப் பிரசவத்துக்குப் பின் முடிக்க அனுமதி உண்டா என்று பணம் கட்டும் முன் கேளுங்கள். சூடேற்றிய அறையில் நடக்கும் யோகா என்றால் வேண்டாம். நஞ்சுக்கொடி கீழிறங்கியிருந்தாலோ, ரத்த அழுத்தம் ஏறியிருந்தாலோ டாக்டர் சொல்வதே முடிவு. உதிரப்போக்கு, தலைசுற்றல், நெஞ்சுவலி எது வந்தாலும் அந்த நிமிடமே நிறுத்துங்கள். பின்னாளில் கர்ப்பிணிகளுக்கே கற்பிக்க விரும்பினால், 200 மணி நேரத்துக்கு மேல் தனியாக 85 மணி நேரப் பயிற்சியை யோகா அலையன்ஸ் கேட்கிறது. ஒரு பிள்ளை பெற்ற அனுபவம் அந்தக் கணக்கில் சேராது.