நம் பக்கத்து இருளர் மக்களை அறிவோம்!



நம் உத்திரமேரூர் வட்டாரத்தில் பல ஊர்களில் ஏரிக்கரை ஓரமாகவோ, ஊர்க் கடைசியிலோ நாலைந்து குடிசைகள் இருக்கும். கேட்டால், "அது இருளர் குடிசைங்க, பாம்பு, எலி பிடிக்கிறவங்க" என்று சொல்வார்கள். அதோடு பேச்சு முடிந்துவிடும். அவர்கள் யார், எதை வைத்துப் பிழைக்கிறார்கள், அவர்களுக்கு என்ன குறை, மகளிர் குழுக்களாகிய நாம் என்ன செய்யலாம் என்று இந்த இதழில் பார்ப்போம்.

இருளர்கள் யார்?

இருளர்கள் பழங்குடி மக்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 1 லட்சத்து 89 ஆயிரத்துக்கும் மேற்பட்ட இருளர்கள் இருந்தார்கள். நீலகிரி, கோவை மலைகளிலும் இருக்கிறார்கள். நம் காஞ்சிபுரம், செங்கல்பட்டு, திருவள்ளூர், விழுப்புரம் பக்கம் இருப்பவர்கள் சமவெளி இருளர்கள். மிகவும் பின்தங்கிய நிலையில் உள்ள பழங்குடிகள் என்று தமிழ்நாட்டில் 6 இனங்களை அரசு தனியாக அடையாளம் கண்டுள்ளது. தோடர், கோத்தர், குறும்பர், பணியர், காட்டுநாயக்கர் ஆகியோருடன் இருளரும் அதில் ஒன்று.

இவர்களின் குலதெய்வம் கன்னியம்மன். மாசி மகத்தன்று மாமல்லபுரம் கடற்கரையில் ஆயிரக்கணக்கில் கூடுவார்கள். மணலிலேயே துணியால் சின்னக் குடில் போட்டுத் தங்கி, விடியற்காலையில் அம்மனைக் கும்பிடுவார்கள். பெண் பார்ப்பது, நிச்சயம், கல்யாணம் எல்லாம் அங்கேயே நடக்கும்.

காடும் ஏரியும் தந்த பிழைப்பு

காப்புக்காட்டில் கிழங்கு, மூலிகை; ஏரியில் மீன்; மழை விட்ட இரவில் விளக்கு வைத்து ஈசல்; அறுவடை முடிந்த வயலில் எலி. இதுதான் இவர்களின் பழைய பிழைப்பு. வளையில் புகை போட்டு எலியைப் பிடிப்பார்கள். எலி சேர்த்து வைத்த நெல்லும் அவர்களுக்குக் கிடைக்கும். நெல்லைத் தின்னும் எலி குறைவதால் லாபம் விவசாயிக்கும்தான்.

முன்பு பாம்புத் தோலுக்கு நல்ல விலை இருந்தது. 1972-இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1976-இல் பாம்புத் தோல் ஏற்றுமதியும் நின்றது. பாம்பைக் காப்பாற்ற அது தேவைதான். ஆனால், பாம்பை நம்பி இருந்த குடும்பங்களின் அடுப்பு அணைந்தது.

அப்போதுதான் ஒரு நல்ல வழி பிறந்தது. ஊர்வன ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கர் போன்றவர்களின் துணையோடு, 1978-இல் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம் பதிவானது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலி முதலைப் பண்ணை வளாகத்தில் இது இயங்குகிறது. பாம்பைக் கொன்று தோலை விற்பதற்குப் பதில், உயிரோடு பிடித்து விஷம் எடுத்து விற்பதே இதன் தொழில்.

வனத்துறை அனுமதி தரும் எண்ணிக்கைக்குள் நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நாலு வகைப் பாம்புகளைப் பிடித்து வருவார்கள். ஒவ்வொன்றையும் மண்பானையில் வைத்து, சில வாரங்களுக்குள் சில முறை விஷம் எடுப்பார்கள். பிறகு வயிற்றுச் செதிலில் அடையாளம் வைத்து, திரும்பக் காட்டில் விட்டுவிடுவார்கள். அந்த விஷத்தை மருந்துக் கம்பெனிகள் வாங்கி, மிகக் குறைந்த அளவில் குதிரைக்குச் செலுத்தி, அதன் ரத்தத்திலிருந்து விஷமுறிவு மருந்து தயாரிக்கின்றன.

2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஆண்டுக்குச் சராசரியாக 58 ஆயிரம் பேர் பாம்பு கடித்து இறந்ததாக ஓர் ஆய்வு மதிப்பிட்டது. வயலில் வேலை செய்யும் நமக்கு இது சாதாரண செய்தி இல்லை. பாம்பு கடித்தால் இறுக்கிக் கட்டாதீர்கள், கீறாதீர்கள், மந்திரிக்கப் போகாதீர்கள். கடிபட்டவரை நடக்க விடாமல் உடனே அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். அங்கே ஏற்றுகிற மருந்துக்குப் பின்னால் இருளர்களின் கை இருக்கிறது.

இந்தச் சங்கத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவரும் 2017-இல் அமெரிக்காவின் புளோரிடாவுக்கே போய், அங்கே பெருகிவிட்ட மலைப்பாம்புகளைப் பிடித்துக் காட்டினார்கள். 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. பெண்களும் சளைத்தவர்கள் இல்லை. இருளர் பழங்குடிப் பெண்கள் நலச் சங்கம் செங்கல்பட்டை அடுத்த தண்டரையில் மூலிகைத் தோட்டம் வளர்த்து, மருந்துப் பொருள்களும் நாற்றுகளும் விற்று வருகிறது.

வேடந்தாங்கல் காட்டும் வழி

இயற்கையைக் காப்பவருக்கும் உரிமை வேண்டும் என்பதற்கு நம் பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது. வேடந்தாங்கல் ஏரிக்கு நவம்பர் முதல் மார்ச் வரை கூழைக்கடா, நத்தை குத்தி நாரை, அரிவாள் மூக்கன், நீர்க்காகம் எல்லாம் வரும். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம். அதனால் அந்த ஊர் மக்கள் பறவைகளைக் காத்தார்கள். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது முறையிட்டு, கலெக்டரிடம் எழுத்து மூலமே உத்தரவு வாங்கினார்கள். அது 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில். இன்றும் தீபாவளிக்கு அங்கே வெடிச்சத்தம் கேட்காது. 2022-இல் வேடந்தாங்கலும் பக்கத்துக் கரிக்கிலியும் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்கள் பட்டியலில் சேர்ந்தன.

கடல் கடந்தும் ஓர் உதாரணம் உண்டு. அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்தில் அப்பாச்சி என்ற பழங்குடி மக்கள் இருக்கிறார்கள். அவர்களில் வெள்ளைமலை அப்பாச்சிகளுக்கென்று ஒதுக்கிய நிலம் மட்டும் 16 லட்சம் ஏக்கருக்கு மேல். அங்கே மீன் பிடிக்கவும் வேட்டையாடவும் வருகிற வெளியாள், பழங்குடி நிர்வாகத்திடம் பணம் கட்டி அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். பனிச்சறுக்கு விளையாட்டு மையமும் அவர்களுடையதே. பெண் பிள்ளை வயதுக்கு வந்தால், நம் மஞ்சள் நீராட்டு போல, நாலு நாள் சடங்கும் நடனமும் உண்டு. அங்கேயும் வறுமை, வேலையின்மை இல்லாமல் இல்லை. ஆனாலும் காலடி மண் அவர்கள் பெயரில் இருப்பதால், மலையும் ஓடையும் அவர்களுக்கு வருமானம் தருகின்றன.

முன்பணம் என்னும் கண்ணி

நம் இருளர்களுக்கு அந்த மண்தான் இல்லை. காட்டுப் பிழைப்பு போனபின் செங்கல் சூளை, அரிசி ஆலை, சவுக்கு வெட்டு என்று போகிறார்கள். பிரசவம், காய்ச்சல், சாவு என்று வாங்கும் முன்பணம் கழியவே கழியாது. "கணக்கு முடியல, வெளியே போகக் கூடாது" என்று குடும்பத்தோடு நிறுத்தி வைக்கும் இடங்களும் உண்டு. இது கொத்தடிமை முறை. 1976-ஆம் ஆண்டுச் சட்டப்படி இது குற்றம். அந்தக் கடனும் செல்லாது. கோட்டாட்சியர் விசாரித்து விடுதலைச் சான்று தந்தால், அரசின் மறுவாழ்வு உதவியும் உண்டு.

இதையே நம் குழுக் கணக்கில் பாருங்கள். 20,000 ரூபாய் கடன், மாதம் நூற்றுக்கு 1 ரூபாய் வட்டி. மாதம் 2,000 அசல் கட்டினால் 10 மாதத்தில் முடியும். மொத்த வட்டி 1,100 ரூபாய்தான். இந்த ஒரு கடன் கிடைத்தால், ஒரு குடும்பம் முன்பணத்துக்குக் கை நீட்ட வேண்டியதில்லை.

பட்டாவும் சான்றும்

உத்திரமேரூர்க் கல்வெட்டு உலகப் புகழ் பெற்றது. 919, 921-ஆம் ஆண்டுகளில் பராந்தகச் சோழன் காலத்தில் வெட்டியது. குடவோலையில் பெயர் எழுத, வரி கட்டும் நிலமும் சொந்த மனையில் வீடும் இருக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. ஆயிரம் வருஷம் ஆச்சு. இன்று ஓட்டுப் போட மனை தேவையில்லை. ஆனால் அரசு வீடு கட்டித்தர மனைப்பட்டா தேவை. பிள்ளையின் படிப்பு உதவிக்கு எஸ்.டி. சாதிச் சான்று தேவை. பெற்றோரிடம் பழைய சான்று இல்லாவிட்டால் விசாரணை இழுத்துக்கொண்டே போகும். சூளைக்குப் போன குடும்பம் விசாரணை நாளில் ஊரில் இருக்காது.

வழி இல்லாமல் இல்லை. நம் மாவட்டத்திலேயே ஊத்துக்காடு, மலையாங்குளம் போன்ற ஊர்களில் இருளர்களுக்குத் தொகுப்பு வீடுகள் கட்டப்பட்டுள்ளன. 2023 நவம்பரில் மத்திய அரசு தொடங்கிய ஜன்மன் திட்டத்திலும் இருளர் உண்டு.

நாம் என்ன செய்யலாம்?

1. உங்கள் ஊராட்சியில் எத்தனை இருளர் குடும்பம் என்று எண்ணுங்கள். ஆதார், ரேஷன் கார்டு, சாதிச் சான்று, பட்டா எது எது இல்லை என்று தீர்மான நோட்டில் எழுதுங்கள்.

2. அந்தப் பட்டியலைக் கிராம சபையில் வைத்துத் தீர்மானமாக்குங்கள். கோட்டாட்சியர் அலுவலகத்துக்கு அவர்களோடு ஒரு பிரதிநிதியும் போகட்டும்.

3. குழுவில் சேர்த்துக்கொள்ளுங்கள். சூளைக்குப் போகும் மாதங்களில் வாரக் கூட்டத்துக்கு வர முடியாது. திரும்பி வந்து சேமிப்பைச் சேர்த்துக் கட்ட விதியில் இடம் வையுங்கள்.

4. தனிக் குழு அமைக்கப் பொதுவாக 10 பேர் வேண்டும். சிறப்புக் குழு என்றால் 5 பேரே போதும். உங்கள் ஊருக்கு அது பொருந்துமா என்று வட்டார இயக்க மேலாளரிடம் கேளுங்கள்.

5. முன்பணத்துக்காக ஒரு குடும்பத்தை அடைத்து வைத்திருப்பது தெரிந்தால், கோட்டாட்சியருக்கோ ஆட்சியருக்கோ எழுதிக் கொடுங்கள். தனி ஆளாகப் போகாமல், கூட்டமைப்பாகப் போவோம்.

பாம்பைக் கண்டு ஊரே ஓடும்போது அவர்களைத்தான் கூப்பிடுகிறோம். கூட்டத்துக்கும் கூப்பிடுவோம், பாயில் பக்கத்தில் உட்காரச் சொல்வோம். அடுத்த மாதக் கூட்டத்தின் முதல் தீர்மானமாக இது இருக்கட்டும், சகோதரிகளே!