நோட்டுப் புத்தகமே ஆபத்து
யாழ்ப்பாணத்தில் உண்மையைத் திரட்டிய ஆசிரியர்கள் கொடுத்த விலை

திருப்பதியை அடுத்த பாகாலா ஜங்ஷனில் நோட்டுப் புத்தகத்தோடு இறங்கும் ஆய்வு மாணவரை ஊர்க்காரர்கள் முதலில் கேட்பது, "நீங்க கவர்ன்மென்ட் ஆளா?" என்றுதான். இல்லை என்று சொல்லி ஒரு டீ குடித்தால் பேச்சு தொடங்கிவிடும். 1980களின் இறுதியில் யாழ்ப்பாணத்தில் அதே கேள்விக்கு உயிரே விலையாக இருந்தது.

துப்பாக்கி வைத்திருந்தவர்கள் அங்கே பலர்: இலங்கை ராணுவம், 1987ல் வந்த இந்திய அமைதிப் படை, விடுதலைப் புலிகள், மற்ற இயக்கங்கள். ஒருவரிடம் பேசினால் இன்னொருவருக்குச் சந்தேகம். அந்தச் சூழலில்தான் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக ஆசிரியர்களான ராஜன் ஹூல், தயா சோமசுந்தரம், கே. ஸ்ரீதரன், உடற்கூறியல் துறைத் தலைவர் டாக்டர் ராஜனி திராணகம ஆகிய நால்வரும் மக்களின் வாக்குமூலங்களைத் திரட்டினார்கள்.

1987 அக்டோபரில் யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் இந்தியப் படையினர் சுட்டதில் டாக்டர்களும் நர்ஸ்களும் நோயாளிகளும் இறந்ததைப் பதிவு செய்தார்கள். புலிகளின் கொலைகளையும் விட்டுவைக்கவில்லை. போரில் பெண்கள் பட்ட பாட்டை எழுதியவர் ராஜனி.

இந்த வேலையில் ஒரு தர்மசங்கடம் உண்டு. கேட்டது உண்மையா என்று இன்னும் இரண்டு பேரிடம் சரிபார்க்க வேண்டும். ஆனால் அந்த விசாரணையே முதலில் பேசியவரைக் காட்டிக்கொடுத்துவிடலாம். வெளிநாட்டு ஆய்வாளர் என்றால் விசாவை ரத்து செய்வார்கள், விமானம் ஏறிவிடலாம். பேசியவர் அதே தெருவில்தான் இருந்தாக வேண்டும். யாழ்ப்பாணத்தில் கேட்டவர்களும் அதே ஊர்க்காரர்கள்.

1989 செப்டம்பர் 21. பல்கலைக்கழகத்திலிருந்து சைக்கிளில் வீடு திரும்பிய ராஜனி சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 35. இரண்டு பெண் குழந்தைகளின் தாய். புலிகளே காரணம் என்றார்கள் சகாக்கள், புலிகள் பொறுப்பேற்கவில்லை. நால்வரும் எழுதிய 'முறிந்த பனை' ஆங்கில நூலாக 1990ல் வெளிவந்தது.

ஹூலும் ஸ்ரீதரனும் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேறி, மறைந்து வாழ்ந்தபடியே மனித உரிமை அறிக்கைகளைத் தொடர்ந்தார்கள். 2007ல் அவர்களுக்கு மார்ட்டின் என்னல்ஸ் விருது கிடைத்தது.

ராஜனியின் மகள் ஷாரிகா மானுடவியல் ஆய்வாளரானார். இடம்பெயர்ந்த தமிழர்களையும், 1990ல் புலிகளால் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம்களையும் சந்தித்து அவர் எழுதிய நூல் 2011ல் வந்தது. அம்மா விட்ட இடத்திலிருந்து, அதே நோட்டுப் புத்தகத்தோடு.