உயிர்வேலி

காங்கேயத்தைச் சூழ்ந்த சிற்றூர்களிற் பிரயாணஞ் செய்வோர், கொறங்காடு எனப்படும் மேய்ச்சல் நிலங்களைக் கண்டிருப்பர். அவற்றைக் காத்து நிற்பது கல்மதிலன்று. கிளுவை முட்செடிகளை நெருங்க நட்டு வளர்த்த உயிர்வேலியேயாம். ஆயிரம் அடி தூரம் செவ்வனே நிற்கும் அவ்வேலியில் ஓரிடத்தில் மட்டும் இரண்டு முழம் இற்றுப்போயிருக்குமாயின், ‘வேலி பெரும்பாலும் நன்றாகவே இருக்கிறது’ என்று எந்தக் குடியானவரும் மன அமைதி கொள்வதில்லை. அவ்விரண்டு முழத்தின் வழியே மந்தை முழுவதும் வெளியேறிவிடும் என்பதை அவர் அறிவார். தொற்றுநோய்களைத் தடுக்க ஒரு சமூகம் இட்டுக்கொள்ளும் ஊசியும் இத்தகைய உயிர்வேலியே. திருப்பூர் ஜில்லாவில் அவ்வேலி எங்கெங்கே இற்றுப்போகக்கூடும், அதனை அடைப்பது எங்ஙனம் என்பவற்றை இக்கட்டுரையில் ஒருவாறு விளக்க முயல்வோம்.

நம் நாட்டார் இவ்வேலியை முதன்முதல் அறிந்தது வைசூரியின் பொருட்டே. இங்கிலாந்தில் எட்வர்டு ஜென்னர் என்னும் வைத்தியர் 1796-ஆம் ஆண்டில் மாட்டம்மைப் பாலை ஒரு சிறுவனது கையிற் கீறி வைத்து, பின்னர் அவனை வைசூரி தொற்றாமையைக் கண்டார். அம்மருந்து 1802-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 14-ஆம் தேதி பம்பாய் நகரில் மூன்று வயதுப் பெண்குழந்தை ஒன்றுக்கு இடப்பட்டது. அதன்பின் சென்னை இராஜதானியிலும் பரவிற்று. மருந்தைக் குளிர்ப்படுத்தி வைக்கும் வசதியில்லாத அக்காலத்தில், ஒரு குழந்தையின் புயத்தில் எழுந்த கொப்புளத்துப் பாலையே எடுத்து அடுத்த குழந்தைக்கு வைத்தனர். 1899-இல் கிண்டியில் நிறுவப்பெற்ற கிங் நிலையம், பின்னர் அம்மைப்பாலைத் தயாரித்து ஜில்லாக்களுக்கு அனுப்பி வந்தது. ‘அம்மை குத்துகிறவர் வருகிறார்’ என்றதும் பிள்ளைகளைச் சோளத்தட்டுப் போருக்குப் பின் ஒளித்து வைத்த கதைகளை நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

ஆயினும் ஒரு விஷயம் வியப்புக்குரியது. ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக அம்மை குத்தியும் வைசூரி நம் தேசத்தை விட்டு நீங்கவில்லை. 1962-இல் சர்க்கார் தேசிய வைசூரி ஒழிப்புத் திட்டத்தைத் தொடங்கி, ஜனத்தொகையில் 100-க்கு 80 பேருக்கு அம்மை குத்துவதெனக் குறித்தனர். கோடிக்கணக்கானோருக்குக் குத்தினர், நோயோ நின்றபாடில்லை. காரணம் யாது? எளிதில் அகப்படும் பள்ளிச்சிறார்க்கே மீண்டும் மீண்டும் குத்தப்பட்டது. நாடோடிகளும், ஊர்ப்புறத்துக் குடிசைவாசிகளும், வேலை தேடி அலைவோரும் விடுபட்டனர். எண்ணிக்கை உயர்ந்தது, வேலியின் இடைவெளி மட்டும் அடைபடவில்லை.

அவ்விடைவெளியைத் தேடிச் செல்லும் வழியைக் காட்டியவர்களுள் ஒருவர், கிழக்கு நைஜீரியாவில் மிஷன் வைத்தியராகத் தொண்டாற்றிய வில்லியம் ஃபேகி என்பார். 1966-ஆம் ஆண்டின் இறுதியில் அங்கே வைசூரி தோன்றியபோது, எல்லார்க்கும் குத்துவதற்கு அவரிடம் மருந்து போதவில்லை. ஆகவே அவர் அப்பகுதி மிஷனெரிகளிடமிருந்த வானொலிக் கருவிகளின் வாயிலாக எவ்வெவ்வூரில் நோய் கண்டுள்ளதென வினவியறிந்து, நோயாளியைச் சூழ்ந்துள்ளாருக்கும் நோய் அடுத்துச் செல்லக்கூடிய இடங்களில் உள்ளாருக்கும் முதலிற் குத்துவித்தார். நோய் அடங்கிற்று. இம்முறையையே 1973 முதல் இந்தியாவிலும் வீடுவீடாகத் தேடிக் கையாண்டனர். 1975 மே மாதத்தோடு வைசூரி நம் தேசத்தில் அற்றுப்போயிற்று. 1980-இல் உலகினின்றே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது.

இனி இவ்வேலியின் கணக்கைச் சிறிது ஆராய்வோம். தடுப்பாற்றல் இல்லாத கூட்டத்தில் தட்டம்மை கண்ட ஒரு குழந்தை 12 முதல் 18 பேர்க்கு அந்நோயைத் தரவல்லது. 15 பேர் என்று கொள்வோம். நோய் பெருகாதிருக்க வேண்டுமாயின், அப்பதினைவருள் 14 பேரேனும் முன்னரே காக்கப்பட்டிருத்தல் வேண்டும். அஃதாவது 100-க்கு 93-க்கு மேல். ஒன்பதாம் மாதத்தில் இடும் முதல் ஊசியோ 100 குழந்தைகளுள் 85 பேரளவிலேயே பலன் தருகிறது. ஒன்றும் விடாது அனைவர்க்கும் முதலூசி இட்டாலும் 15 பேர் வேலிக்கு வெளியே நிற்பர். 16 முதல் 24 மாதங்களுக்குள் இரண்டாம் ஊசியையும் இட்டபின்னரே 97 பேரளவில் காப்புண்டாகிறது. ‘ஒன்று போட்டாயிற்று, போதும்’ என்று இருந்துவிடலாகாமை இதனால் விளங்கும். ஜில்லா முழுமைக்கும் 100-க்கு 95 என்று கணக்கு வந்தாலும், ஒரு தெருவிலோ ஒரு மலைக்குடியிலோ 50 மட்டுமே இருக்குமாயின், தட்டம்மை அவ்விடத்தையே தேடிப் புகும். சராசரி என்பது வேலியாகாது.

நம் ஜில்லாவில் இத்தகைய இடங்கள் இருவகைப்படும். முதலாவது மலை. உடுமலைப்பேட்டைக்குத் தெற்கே, ஆனைமலைப் புலிகள் காப்பகத்தினுள் குழிப்பட்டி, மாவடப்பு, குருமலை, தளிஞ்சி, கோடந்தூர் முதலிய குடியிருப்புகளில் முதுவர், புலையர் முதலான மலைமக்கள் வாழ்கின்றனர். இவற்றுட் சிலவற்றுக்கு நெடுங்காலமாகக் காட்டுப்பாதையில் நடந்தே செல்ல வேண்டியிருந்தது. ஊசி மருந்தோ வெயில் தாங்காத பொருள்; 2 முதல் 8 டிகிரி உஷ்ணநிலையிலேயே இருத்தல் வேண்டும். எனவே உறைந்த ஐஸ் கட்டிகள் அடுக்கிய சிறு பெட்டியில் வைத்து அதனைத் தோளிற் சுமந்து செல்வர். தட்டம்மை மருந்தைக் கரைத்துவிட்டால் 4 மணி நேரத்திற்குள் இட்டுவிடல் வேண்டும், மீந்ததைக் கொட்டிவிடுவர். ஒரே ஒரு குழந்தைதான் வந்துள்ளதாயினும், ஐந்து அல்லது பத்துப் பேர்க்குரிய குப்பியை அதற்காக உடைக்கலாம் என்பதே விதி. மருந்து வீணாவதினும் குழந்தை விடுபடுவது பெருநஷ்டம் என்று கருதிய விதி அது. தொண்ணூற்றொன்பது ஆடுகளையும் விட்டு, காணாமற்போன ஒன்றைத் தேடிச் சென்ற மேய்ப்பனின் உவமையைக் கோயிலிற் கேட்டிருக்கும் நமக்கு, அது சுகாதார சாஸ்திரத்துக்கும் பொருந்தும் என்பது புதிதாகத் தோன்றலாம்.

இரண்டாவது இடம் நகரின் நடுவிலேயே உள்ளது. பனியன் கம்பெனிகளையும் சாயப்பட்டறைகளையும் நாடி பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் முதலிய தூரதேசங்களினின்று வந்தோர் லைன் வீடுகளில் நெருங்கி வாழ்கின்றனர். அவர்தம் குழந்தைகள் ஓரூரிற் பிறந்து, மற்றோரூரில் முதலூசி பெற்று, இரண்டாம் ஊசிக்குரிய காலத்தில் இங்கே இருப்பர்; ஊசிக் குறிப்பட்டையோ ஊரிலேயே தங்கிவிடும். கிராம நர்ஸின் பதிவேட்டில் இக்குழந்தையின் பெயர் ஏறுதற்கு முன்னரே குடும்பம் வேறிடம் பெயர்ந்துவிடுவதும் உண்டு. மலைக்குடிக்குத் தூரம் தடையாகும். இவர்களுக்கு மொழியும் இடமாற்றமும் தடையாகும். பக்கத்து வீட்டிலேயே இருந்தும் எட்டாதவர் இவர்.

கொரோனா காலம் இதனை அனைவர்க்கும் உணர்த்திற்று. 2021 ஜனவரி 16 அன்று தேசமெங்கும் ஊசியிடுதல் தொடங்கியது. தமிழ்நாட்டில் 18 முதல் 44 வயதினருக்குரிய திட்டத்தை முதலமைச்சர் ஸ்டாலின் அவ்வாண்டு மே 20 அன்று திருப்பூரில், நேதாஜி ஆயத்த ஆடைப் பூங்காவில் தொடங்கி வைத்தார். தொழிலாளர் வேலை செய்யும் இடத்துக்கே மருந்து சென்றது. இதன் நியாயம் எளிது. ஷிப்ட் கணக்கிற் கூலி பெறுபவர் ஆஸ்பத்திரி வாசலில் அரைநாள் நின்றால் அரைநாட் கூலி போம். மறுநாள் காய்ச்சல் கண்டால் அந்நாட் கூலியும் போம். அவர் மறுத்தால் அறியாமை என்று பழித்தல் தகாது. கூலிக்கு நஷ்டமில்லாமற் செய்து பின்னர் அழைத்தலே முறை.

இனி, அச்சம் என்பதொன்று உண்டு. 2017 பிப்ரவரியில் தட்டம்மை ரூபெல்லா ஊசி இயக்கம் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் தொடங்கியபோது வாட்ஸாப் வழியே வதந்திகள் பரவி, பெற்றோர் பலர் தயங்கினர். இயக்கத்தின் காலவரையை நீட்ட வேண்டியதாயிற்று. 2021 ஏப்ரல் 15 அன்று கொரோனா ஊசி இட்டுக்கொண்ட நடிகர் விவேக் 17 அன்று மாரடைப்பால் மறைந்தார். மரணத்துக்கு ஊசி காரணமன்று என விசாரணையிற் கண்டனர்; ஆனால் அச்சம் அதற்குள் ஊரெங்கும் நடந்துவிட்டது. அவ்வாண்டு செப்டம்பர் 12 முதல் ஞாயிறுதோறும் நடைபெற்ற பெருமுகாம்கள், அந்நாளில் மாமிசமும் மதுவும் கொள்வோர் ஊசிக்கு அஞ்சினர் என்பதனாற் பின்னர் சனிக்கிழமைக்கு மாற்றப்பட்டன. இதனை நகைப்பதற்குரியதாகச் சிலர் எண்ணலாம். நாம் அவ்வாறு எண்ணவில்லை. ஜனங்களின் மனத்தையறிந்து நாளை மாற்றியதே அறிவுடைமை.

வைசூரி காலத்திலும் இங்ஙனமே. மாரியம்மன் வந்திருக்கிறாள் என்று வாசலில் வேப்பிலை செருகி, அந்நியர் உட்புகாது காத்தனர் நம் முன்னோர். அவ்வழக்கத்தை ஏளனஞ் செய்தவரிடம் நோயாளியை மறைத்தனர். வணக்கத்துடன் வாசலில் நின்று வினவியவரிடமோ, உள்ளே நோயாளி உண்டென்பதைச் சொல்லினர். மறைக்கப்பட்ட நோயாளியே வேலியின் இடைவெளி ஆதலின், மரியாதையும் ஒரு மருந்தென்றே கூறலாம்.

மாணவ நண்பர்களே, இதில் நமக்கு வேலை யாது? ஊசியிடுதல் நர்ஸின் தொழில். இடைவெளியைக் கண்டறிதல் எவராலும் இயலும். உங்கள் தெருவில் புதிதாகக் குடிவந்த குடும்பத்துக் குழந்தைக்கு இரண்டு ஊசிகளும் ஆயினவா என்று விசாரியுங்கள். இந்தியோ ஒடியாவோ அறிந்தவர் ஒரு மாலைப்பொழுதை நர்ஸுக்குத் துணையாக லைன் வீடுகளிற் செலவிடுங்கள். காகிதம் தொலைந்ததென்று தாய் தயங்கினால், காகிதமின்றியும் ஊசி கிடைக்குமென்று சொல்லி உடன் செல்லுங்கள். நமது வீட்டுக் குழந்தையின் உயிர், நாம் பெயரும் அறியாத அக்குழந்தையின் புயத்திலேயும் காக்கப்படுகிறது.