ராய்கட்டில் கால்களை எங்கே செலவழிப்பது?

புனேயின் வானவடியில் வசிப்பவர்களுக்கு மராட்டிய வரலாறு அடுத்த தெருச் சமாச்சாரம். 1794-இல் இறந்த மகாதஜி ஷிண்டேயின் நினைவிடமான ஷிண்டே சத்ரி அந்தப் பகுதியிலேயே இருக்கிறது. ஆனால் கோடை விடுமுறைக்கு ஊரிலிருந்து தாத்தா பாட்டி வந்துவிட்டால், அங்கிருக்கும் தமிழ்க் குடும்பங்கள் கிளம்புவது பெரும்பாலும் லோனாவாலாவுக்கோ சிங்ககட்டுக்கோதான். 1674-இல் சிவாஜி முடிசூடிய ராய்கட், தாம்ஹிணி மலைப்பாதை வழியாக நான்கு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய தூரம்தான். என்றாலும் ஆயிரத்து நானூறுக்கும் மேற்பட்ட படிகள் என்று கேட்டதுமே பேச்சு நின்றுவிடும். மூன்று தலைமுறையும் சேர்ந்து போவதற்கு மகாராஷ்டிரத்தில் இதைவிடப் பொருத்தமான கோட்டை இல்லை என்பது என் கட்சி. அதற்குக் காரணம் 1996 முதல் அங்கே ஓடும் ரோப் கார். அது உழைப்பை மிச்சப்படுத்துகிறது என்பதோடு விஷயம் முடியவில்லை. மிச்சமான உழைப்பைச் செலவழிக்க உச்சியில் தகுந்த இடம் இருக்கிறது.

இதற்கு மலையின் பிறப்பைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். ஆல்ப்ஸ் மலைகள், நிலத்தட்டுகள் மோதி மடிந்து எழுந்தவை. அவற்றின் சிகரங்கள் பெரும்பாலும் கூர்மையானவை. சுவிட்சர்லாந்தின் டிட்லிஸ் போன்ற இடங்களில் கேபிள் கார் மூவாயிரம் மீட்டருக்கு மேல் கொண்டுபோய் விடும். காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் ஏறக்குறைய எழுபது சதவீதம்தான் இருக்கும் என்பதால், பனியில் நாலு அடி வைத்ததுமே வயதானவர்களுக்கு மூச்சு வாங்கும். ராய்கட் நிற்கும் சஹ்யாத்ரி மலைத்தொடர் வேறு ஜாதி. சுமார் ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பு வெள்ளமாக ஓடி, அடுக்கடுக்காக உறைந்து உருவான தக்காணப் பாறை இது. அரிப்பு அந்த அடுக்குகளைச் செதுக்கும்போது, பக்கவாட்டில் செங்குத்துச் சுவரும் தலையில் மேடை போன்ற சமதளமும் மிஞ்சுகின்றன. ராய்கட்டின் உயரம் சுமார் 820 மீட்டர். மூச்சுப் பிரச்சினைக்கு வேலையில்லை. சிரமமெல்லாம் அந்தச் சுவரில்தான். ஹிரகணிவாடியிலிருந்து புறப்படும் ரோப் கார் ஏறத்தாழ 400 மீட்டர் உயரத்தை நாலைந்து நிமிடத்தில் கடந்துவிடுகிறது. ஒரு பக்கத்துப் பெட்டிகள் மேலேறும்போது மறுபக்கத்துப் பெட்டிகள் இறங்கும்; பழனியில் பார்த்த அதே ஏற்பாடு. இறங்கும் பெட்டிகளின் எடையே ஏறுகிறவற்றுக்குக் கைகொடுப்பதால் மோட்டாரின் சுமை குறைகிறது.

மேலே இறங்கியதும் கால்களுக்கு வேலை தொடங்குகிறது. ராணிகளின் மாளிகை இடிபாடுகள், கங்காசாகர் குளம், சிம்மாசனம் இருந்த மேடை, அதற்கு எதிரே நகார்கானா வாயில். வாயிலில் மெல்லப் பேசினாலும் சிம்மாசனத்தில் கேட்கும் என்பார்கள்; பிள்ளைகள் அதைச் சோதிக்காமல் நகரமாட்டார்கள். தாண்டினால் இரு வரிசைக் கடைவீதி. கடைகளின் தளம் ஓர் ஆள் உயரத்துக்கு எழுப்பப்பட்டிருப்பதைப் பார்த்து, குதிரையில் அமர்ந்தபடியே சாமான் வாங்கினார்கள் என்று வழிகாட்டிகள் சொல்வதுண்டு. உண்மையோ இல்லையோ, அங்கே ஒரு நகரம் இயங்கியது என்பதற்கு அந்தக் கற்கள் சாட்சி. இன்னும் கொஞ்சம் நடந்தால் ஜகதீஸ்வரர் கோயில், அதன் அருகே 1680-இல் மறைந்த சிவாஜியின் சமாதி. வழியில் சிறு ஏற்ற இறக்கங்களும் சில படிகளும் உண்டு. ஆனால் ஏழு வயதுக் குழந்தையும் எழுபது வயதுப் பாட்டியும் பேசிக்கொண்டே நடக்கலாம். படியேறிக் களைத்து வந்தவர்கள் பலர் சிம்மாசனத்தோடு திரும்பிவிடுவார்கள்.

ஏறாமல் பார்த்தால் கோட்டையின் அருமை தெரியுமா என்று மலையேற்றக்காரர்கள் கேட்பார்கள். கேள்வியில் பாதி நியாயம் இருக்கிறது. இரு பெரிய கொத்தளங்களுக்கு நடுவே ஒளிந்திருக்கும் மகா தர்வாஜா படிவழியில்தான் வருகிறது; ரோப் காரில் போகிறவர்கள் அதைத் தவறவிடுகிறார்கள். ஆனால் அதற்கு வழி உண்டு. பதின்ம வயதுப் பிள்ளைகள் ஒரு பெரியவரோடு படிவழியாக இறங்கட்டும். மூட்டு ஒத்துழைக்காதவர்கள் பெட்டியிலேயே திரும்பட்டும். மற்றபடி, அரண்மனையும் சந்தையும் கோயிலுமாக ஒரு தலைநகர் இருந்த இடத்தை, ஏறும் வலுவுள்ளவர்களுக்கு மட்டும் என்று ஒதுக்கி வைப்பதற்கு வரலாற்றில் ஆதாரம் கிடையாது. வாசல் அடைத்தபின் கைக்குழந்தையை நினைத்துச் செங்குத்துப் பாறையில் இறங்கிப்போன பால்காரி ஹிரகணியின் கதையைத்தான் மராட்டியர்கள் இன்றும் சொல்கிறார்கள். அவள் அங்கே பாலை விற்கப் போனவள், வீரத்தைக் காட்டப் போனவள் அல்ல.

கூட்டம் பெருகிக் கோட்டை கெடும் என்பது இன்னொரு மறுப்பு. சிங்ககட்டைப் பாருங்கள். உச்சிக்கு அருகே வரை சாலை போகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் மலைப்பாதை முழுக்கக் கார்கள். ரோப் காரோ ஒரு தடவைக்குக் கொஞ்சம் பேரைத்தான் ஏற்ற முடியும். விடுமுறை நாளில் கீழே மணிக்கணக்கில் காத்திருப்பது எரிச்சல்தான். அந்த எரிச்சல்தான் உச்சிக்குக் காவலும். குப்பைப் பிரச்சினை மட்டும் ரோப் காராலும் தீராது.

பாதுகாப்பு பற்றிய பயத்தை அப்படி எளிதாகத் தள்ள முடியாது. 2021 மே மாதம் இத்தாலியின் மொத்தரோனே மலையில் இழுவைக் கம்பி அறுந்து 14 பேர் இறந்தார்கள். பெட்டியைப் பிடித்து நிறுத்த வேண்டிய அவசர பிரேக் செயல்படாதபடி முன்கூட்டியே முடக்கப்பட்டிருந்தது. 2022 ஏப்ரலில் ஜார்க்கண்டின் தேவ்கர் அருகே திரிகூட மலையில் பெட்டிகளில் சிக்கியவர்களை விமானப்படை ஹெலிகாப்டர்கள் மீட்க வேண்டியிருந்தது. இத்தாலியில் தவறியது இயந்திரத்தைவிட, அதைப் பராமரித்தவர்களின் ஒழுங்கு. அதனால் பயணி கவனிக்க வேண்டியது கம்பியின் தடிமனை அல்ல, ரோப் கார் எத்தனை முறை நிறுத்தப்படுகிறது என்பதை. பழனியில் மாதம் ஒரு நாளும் ஆண்டுக்கு ஒரு நீண்ட காலமும் பராமரிப்புக்காக நிறுத்துகிறார்கள். காற்று பலமாக அடித்தாலும் நிறுத்துகிறார்கள். பக்தர்கள் முணுமுணுக்கிறார்கள். காற்று நாளில் நிற்காமல் ஓடும் ரோப் காரைக் கண்டால்தான் குடும்பத்தோடு திரும்பிவிட வேண்டும். ராய்கட்டுக்கும் இதே கணக்கு. மழைக்காலத்தில் மூடுபனியும் காற்றும் அதிகம். கோடை மதியத்தில் மேலே நிழலே இல்லை. நவம்பர் முதல் பிப்ரவரி வரை, காலை முதல் பெட்டிகளில் ஒன்றில் ஏறுவது நல்லது.

இதைப் படிக்கும் தமிழ்நாட்டு வாசகருக்குச் செஞ்சி நினைவுக்கு வரலாம். 1677-இல் சிவாஜி கைப்பற்றிய கோட்டை அது. 1689-இல் முகலாயர் ராய்கட்டை முற்றுகையிட்டபோது அவர் மகன் ராஜாராம் தப்பி வந்து தங்கியதும் அங்கேதான். 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த 12 மராட்டியக் கோட்டைகளில் ராய்கட்டும் செஞ்சியும் உண்டு. அப்படியானால் செஞ்சியின் ராஜகிரி மலைக்கும் ரோப் கார் வேண்டுமா? வேண்டாம் என்றே சொல்வேன். கல்யாண மகால், நெற்களஞ்சியம், வெங்கடரமணர் கோயில் எல்லாம் செஞ்சியில் அடிவாரத்திலேயே இருக்கின்றன. கருங்கல் உச்சியில் இடம் குறைவு, பார்ப்பதற்கான கட்டடங்களும் குறைவு. படியேற முடியாத பாட்டி அங்கே கீழேயே பாதி நாளை நிறைவாகக் கழிக்கலாம். ராய்கட்டில் கீழே நின்றால் அவருக்குப் பார்க்கக் கிடைப்பது பெரும்பாலும் பாறைச் சுவர்தான்.